நாலடி உப்புநீர்ப் பவளத்தொட்டியில் ஓர் அருவி: பாளையங்கோட்டை வெயிலுக்குத் தாங்குமா?

பாளை_தொட்டிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நன்னீர்ச் செடித்தொட்டி எனக்குப் பல வருடப் பழக்கம். கடல்நீர்த் தொட்டி இதுதான் முதல். வீடு பாளையங்கோட்டையில், தரைத்தளம். சாயங்கால வெயில் மேற்கு ஜன்னல் வழியாக ஹாலுக்குள் வரும்.

நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் தொட்டி. அதன் இடது பக்கம் ஒரு பாறைக்குன்று தண்ணீருக்கு மேலே ஒன்றரை அடி எழும்பி நிற்க வேண்டும். உச்சியிலிருந்து குற்றாலத்துப் பேரருவி மாதிரி தண்ணீர் விழ வேண்டும். கீழே பவளம், கோமாளி மீன். அம்மாவுக்குக் குற்றாலம் என்றால் உயிர், முழங்கால் வலியால் இப்போது போக முடிவதில்லை. சத்தமாவது ஹாலில் கேட்கட்டும் என்கிறார்.

தண்ணீரைத் தூத்துக்குடிக் கடலிலிருந்து கேனில் கொண்டுவரலாமா? இல்லை, தூத்துக்குடி உப்பையே வாங்கிக் கரைத்துவிடலாமா? பாறைக்குத் தாழையூத்துச் சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது, அது ஆகுமா? தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரத்தின் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அருவி விழுந்தாலே தண்ணீர் குளிரும் என்று சிலர் சொல்கிறார்கள். அதை நம்பி இறங்கலாமா?

செங்கோட்டை_சாரல் எழுதியது:

அண்ணாச்சி, நல்ல ஆசை. என் தொட்டியிலும் அருவி ஓடுகிறது, அதனால் அதைப் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன்.

ஒன்றரை அடி வீழ்ச்சி வேண்டவே வேண்டாம். நன்னீரில் அது அழகு. உப்புநீரில் தெறிக்கும் ஒவ்வொரு துளியும் காய்ந்தால் உப்பு. விளக்கில், சுவரில், பிளக் பாயின்டில், தொட்டி விளிம்பில் எங்கே பார்த்தாலும் உப்புப் பூத்துவிடும். அந்த உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக் கசியும், கசிந்த இடத்தில் இரும்பு இருந்தால் துரு, மின்சாரம் இருந்தால் ஆபத்து. துடைத்து மாளாது.

அடுத்தது குமிழி. உப்புநீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவதில்லை, பொடிப்பொடியாகவே நிற்கும். உயரத்திலிருந்து விழும் தண்ணீர் அவற்றைத் தொட்டியின் அடிவரை தள்ளிவிடும். தொட்டி முழுக்கப் புகை போட்ட மாதிரி தெரியும். பவளத்தின் மேல் குமிழி உட்கார்ந்தால் அது விரிய மறுக்கும்.

பேரருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலேயிருந்து வரும் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற பாறைக்குழியில் விழுந்து, வேகம் அடங்கி, அங்கிருந்து பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. அதனால்தான் அதன் அடியில் நின்று குளிக்க முடிகிறது. தொட்டியிலும் அதையே செய்யுங்கள். பம்பிலிருந்து வரும் குழாயை அருவியின் உதட்டில் கொண்டுபோய் வைக்காதீர்கள். உதட்டுக்குப் பின்னால் ஒரு குழி கட்டி, குழாய் அந்தக் குழியின் அடியில் திறக்கட்டும். குழி நிரம்பி, உதடு முழுக்க ஒரே மட்டமாக வழியட்டும். வழிந்த தண்ணீர் அந்தரத்தில் விழாமல் பாறைச் சரிவை ஒட்டியே இறங்கட்டும். கடைசி ஐந்து சென்டிமீட்டர் மட்டும் விழுந்தால் போதும். அம்மா கேட்கும் சத்தம் அந்த ஐந்து சென்டிமீட்டரிலேயே கிடைத்துவிடும்.

விழும் இடத்திலும் ஒரு சின்னக் குழி வேண்டும். அதன் விளிம்பு தொட்டி நீர்மட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும். குமிழிகள் அந்தக் குழிக்குள்ளேயே மேலே ஏறி உடைந்துவிடும், பவளப் பக்கம் போகாது.

நன்மையும் உண்டு. கதவு, ஜன்னல் மூடிய வீட்டில் கார்பன் டை ஆக்சைடு கூடும், தொட்டியின் பி.எச். இறங்கும். பரந்து வழியும் அருவி அந்த வாயுவை வெளியேற்றி ஆக்சிஜனை உள்ளே கொடுக்கும். ஆனால் அறையின் காற்றே கெட்டிருந்தால் அருவியால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

தூத்துக்குடி_உப்பளம் எழுதியது:

உப்புக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். எங்கள் வீட்டுத் தொழிலே உப்பளம்.

எங்கள் உப்பைத் தொட்டியில் போடாதீர்கள். உப்பு மட்டமானது என்று சொல்லவில்லை, அது சமையலுக்கும் ஆலைக்குமான உப்பு. கடல்நீரைப் பாத்தியில் விட்டால் அதிலுள்ள எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பு படியும். அப்புறம் ஜிப்சம். அதற்கென்றே உள்ள பாத்திகளில் அதைப் படியவிட்டுத்தான் தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்புவோம். கடைசிப் பாத்தியில் விளைவது சோடியம் குளோரைடு. மெக்னீசியமும் பொட்டாசியமும் கசப்பு நீரில் நின்றுவிடும், அதை வடித்து வெளியே விடுவோம். ஆக, மூட்டையில் வரும் உப்பில் பவளம் கூடு கட்டத் தேவையான கால்சியமும் இல்லை, அந்தக் கால்சியத்தைத் தண்ணீரில் கரைந்த நிலையிலேயே நிறுத்திவைக்கும் மெக்னீசியமும் இல்லை. திரும்பக் கரைத்தால் கடல் வராது, உப்புத்தண்ணீர்தான் வரும்.

கடல்நீர் எடுக்கலாம். ஆனால் எங்கே, எப்போது என்பது முக்கியம். துறைமுகம், அனல்மின் நிலையம், ஊர்ச் சாக்கடை கலக்கும் பக்கம் வேண்டாம். புன்னைக்காயல் பக்கமும் வேண்டாம், தாமிரபரணி அங்கேதான் கடலில் சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரத் தண்ணீர் கலங்கி உப்பு குறைந்துவிடும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் கடல் எந்த நிறத்தில் இருந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். உவரி, கூட்டப்பனை மாதிரி திறந்த கரையில், மழை இல்லாத மாதத்தில், படகுக்காரரிடம் சொல்லிக் கொஞ்சம் உள்ளே போய் எடுத்தால் நல்ல தண்ணீர். அதையும் வடிகட்டி, மூடிய டிரம்மில் இருட்டில் வைத்திருந்துதான் ஊற்ற வேண்டும்.

என் கருத்து: முதல் வருடம் பவளத்தொட்டிக்கென்று விற்கும் கலவை உப்பையே வாங்குங்கள். கையில் ஏதாவது தவறாகப் போனால் தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டியிருக்காது.

பாளை_தொட்டிக்காரன் எழுதியது:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஒன்றரை அடியைக் கைவிட்டேன். பொங்குமாங்கடல் யோசனை மனசில் உட்கார்ந்துவிட்டது. கலவை உப்பு என்றால் அதைக் கரைக்க எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர்தான், ஆகுமா? வீட்டில் குடிநீர் ஆர்.ஓ. இருக்கிறது.

கடல்பாசி எழுதியது:

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது ஒரு பக்கம். ஆற்றுத் தண்ணீர் என்றாலும் பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் கொஞ்சமாவது வரும். குடிக்க அது தப்பில்லை. தொட்டியில் அதெல்லாம் வேண்டாத பாசிக்குச் சாப்பாடு. குடிநீர் ஆர்.ஓ.வில் இன்னொரு சிக்கல். பலவற்றில் ருசிக்காகப் பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலப்பார்கள், இல்லையென்றால் கனிமக் குப்பி ஒன்றைக் கடைசியில் வைத்திருப்பார்கள். அந்த இரண்டுக்கும் போகாமல், ஆர்.ஓ.வின் வடிகட்டும் சவ்வான மெம்பிரேனிலிருந்து நேராகக் குழாய் எடுத்து, மிச்சமுள்ள உப்பையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின் குப்பி ஒன்று சேர்த்து, கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் சுழி (பூஜ்யம்) காட்டும் தண்ணீரை மட்டும் எடுங்கள். போர் தண்ணீரைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

இப்போது பாறை. தாழையூத்துக் கல் படிகச் சுண்ணாம்புக்கல். கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் அது கரையாது, அந்த வகையில் தீங்கில்லை. ஆனால் கல் கெட்டி. உள்ளே நுண்துளை இல்லை. பவளத்தொட்டிக்குப் பாறை எதற்கு? அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியிருக்கத்தான். துளை இல்லாத கல்லில் மேற்பரப்பில் மட்டுமே இடம் கிடைக்கும். எடையோ பயங்கரம். துரு நிறக் கீற்று ஓடும் கல் என்றால் உலோகமும் சேர்ந்து வரும். அருவியின் அடித்தளத்துக்கு இரண்டு கல் வைத்தால் வையுங்கள், மொத்தத்தையும் அதில் கட்டாதீர்கள்.

நானாக இருந்தால் பாறையை வீட்டிலேயே வார்ப்பேன். ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு உடைத்த கிளிஞ்சல், ஒரு பங்கு கல் உப்பு. கோழித்தீவனக் கடையில் கிளிஞ்சல் கிடைக்கும். தூத்துக்குடி அண்ணாச்சி வேண்டாம் என்ற அதே உப்பு இங்கே ரொம்பப் பொருத்தம்: கெட்டியான பிறகு தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்து போய்விடும், அந்த இடமெல்லாம் துளையாகிவிடும். கலவையைச் சொத சொதவென்று கரைக்காதீர்கள், கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிற பதம் போதும். ஈரமணலில் குழி தோண்டி அதில் வார்த்துவிடுங்கள், மேடும் பள்ளமும் இயற்கையாக வரும். அருவிச் சரிவு, இரண்டு குழிகள் எல்லாவற்றையும் இப்படியே வார்க்கலாம். பிறகு தண்ணீரை மாற்றி மாற்றி ஊறப்போடுங்கள். புதுச் சிமெண்ட் தண்ணீரின் பி.எச்.சைப் 12 வரைகூடத் தூக்கும். புதிதாக மாற்றிய தண்ணீர் இரண்டு மூன்று நாள் நின்றும் 8.5க்குக் கீழே இருந்தால்தான் பாறை தயார். ஒன்றிரண்டு மாதம் ஆகும், அவசரப்படுத்த முடியாது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கடற்கரையில் விற்கிற பவளக்கல்லை, செத்ததாக இருந்தாலும், யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இலிருந்து பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் இருக்கின்றன. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறியும் அதில் அடக்கம். சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது தூத்துக்குடி தீவுகள். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் உண்டு. அதில் நம் பக்கத்து விலாங்குச்சல்லி இன்று தண்ணீருக்கு அடியில். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்க ஆள் இல்லாமல் போய்விட்டது. வான் தீவு கரைவதைத் தடுக்கச் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டி வந்தது. அந்தக் கடலிலிருந்து ஒரு துண்டுகூட நம் ஹாலுக்கு வரக்கூடாது.

பாளை_தொட்டிக்காரன் எழுதியது:

அக்கா, இதை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். வார்ப்புப் பாறைதான். கடல் துண்டு எதுவும் வராது, உறுதி.

மேலப்பாளையம்_கண்ணாடி எழுதியது:

தொட்டி ஒட்டுகிறவன் என்ற முறையில் சுருக்கமாக. உங்கள் அளவுக்கு 12 மில்லிமீட்டர் கண்ணாடி, மேலே சுற்றிலும் பட்டை, நடுவில் ஒரு குறுக்குப் பட்டை. தண்ணீர் 450 லிட்டர், கண்ணாடியே 85 கிலோவுக்கு மேல், பாறையும் சேர்த்தால் 600 கிலோவைத் தாண்டும். தரைத்தளம் என்பதால் கவலை இல்லை, மச்சு வீட்டு மாடி என்றால் வேண்டாம் என்றிருப்பேன். இரும்பு ஸ்டாண்ட் அடித்தால் எப்பாக்ஸி பெயிண்ட், வெல்டிங் மூலைகளில் இரண்டு கோட். என்னைக் கேட்டால் செங்கல் கட்டி மேலே கடப்பா பலகை போடுவது நாள்பட நிற்கும். அருவிக் குன்றின் எடையைப் பின்கண்ணாடியில் சாய்க்காதீர்கள், அது தன் காலில் நிற்கட்டும். சில்லறைச் சாமான்களில் பித்தளையும் செம்பும் எங்கும் தண்ணீரில் படக்கூடாது. குழாய், வால்வு எல்லாம் பி.வி.சி.

கடல்பாசி எழுதியது:

அருவியைப் பற்றி இன்னொரு யோசனை. அழகுக்கு மட்டும் பம்ப் ஓட்டுவதா? அதே தண்ணீரை வேலை வாங்கலாம்.

பெரிய தொட்டியின் தண்ணீர் வழிந்து வந்து பம்ப் வழியே திரும்பப் போகும் சம்ப் தொட்டி கீழே இருக்குமே, அதில் இரண்டாவது அருவி ஒன்று வையுங்கள், யாரும் பார்க்கத் தேவையில்லாத அருவி. ஒரு பி.வி.சி. குழாயில் நீளவாக்கில் 3 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கீறல் போட்டு, அந்தக் கீறலில் சொரசொரப்பான பிளாஸ்டிக் வலையைத் தொங்கவிட வேண்டும். எம்பிராய்டரிக்கு விற்கும் பிளாஸ்டிக் வலையை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்தாலே போதும். தண்ணீர் வலையின் இரண்டு பக்கமும் மெல்லிய ஏடாக வழியும். இரண்டு பக்கமும் சிவப்பு எல்.இ.டி. விளக்கு. சில வாரத்தில் வலை முழுக்கப் பச்சைப் பாசி பிடிக்கும். தொட்டியில் மீன் கழிவாலும் தீனியாலும் வரும் நைட்ரேட், பாஸ்பேட்டை அந்தப் பாசி தின்று வளரும். வாரம், பத்து நாளுக்கு ஒருமுறை வலையை எடுத்து நன்னீரில் வைத்துச் சுரண்டினால் அந்தச் சத்தெல்லாம் தொட்டியைவிட்டு வெளியே போய்விடும். அழுத்தி முழுக்கச் சுரண்டாதீர்கள், வேர்ப்பிடிப்பு கொஞ்சம் நிற்க வேண்டும், அப்போதுதான் மறுபடி சீக்கிரம் வளரும். பாசித் திரையால் தண்ணீரைச் சுத்தப்படுத்துவது புதுசு இல்லை, ஸ்மித்சோனியனில் வால்டர் ஏடி 1980களிலேயே செய்து காட்டினார்.

ஓட்டம் எவ்வளவு என்றால், வலையின் அகலத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் மணிக்கு 50 லிட்டர் சுமார். 25 சென்டிமீட்டர் வலை என்றால் 1,250 லிட்டர். குறைந்தால் வலை ஆங்காங்கே காய்ந்து பாசி செத்துப்போகும். மேலே உங்கள் காட்சி அருவியின் உதட்டுக்கும் இந்தக் கணக்கே பொருந்தும். 60 சென்டிமீட்டர் உதட்டுக்கு மணிக்கு 3,000 லிட்டர் வந்தால் இடைவெளி இல்லாத ஏடாக வழியும். பம்ப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், அது உயரமே ஏற்றாத கணக்கு. சம்ப்பிலிருந்து உதடு வரை எத்தனை அடி என்று அளந்து, அந்த உயரத்தில் எவ்வளவு தரும் என்று அதன் வரைபடத்தில் பாருங்கள்.

வண்ணார்பேட்டை_ஒயரிங் எழுதியது:

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று இன்னும் யாரும் கேட்கவில்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து மதியம் வரை நிறுத்துவது நமக்குப் பழக்கம்தானே.

பம்ப் நின்ற அந்த நொடியில் மேலே இருக்கிற தண்ணீர் கீழே வரும். உங்கள் அளவுத் தொட்டியில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே 7 லிட்டருக்கு மேல். அது போக அருவிக் குழியில் இருப்பதும் சேரும். குழாய் தண்ணீருக்குள் ஆழமாகத் திறந்திருந்தால் சைபன் பிடித்து, அதாவது தண்ணீர் தானாகவே குழாய் வழியே பின்னோக்கி ஓடி, குழாய் திறந்திருக்கும் ஆழம் வரை இறங்கிவிடும். அருவிக் குழியின் அடியில் குழாய் திறக்கச் சொன்னார் செங்கோட்டை அண்ணாச்சி. அது சரிதான், ஆனால் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை போட வேண்டும். மட்டம் இறங்கியதும் ஓட்டை வழியாகக் காற்று புகுந்து சைபன் அறுந்துவிடும். தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வை நம்பாதீர்கள், உப்பும் பாசியும் பிடித்து ஒருநாள் மூடாமல் போகும். சம்ப் தொட்டியில் இந்த மொத்தத் தண்ணீருக்கும் இடம் காலியாக இருக்க வேண்டும்.

மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம். உப்புத்தண்ணீர் விஷயத்தில் இதில் சமரசமே கிடையாது. ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்கு வருமுன் கீழே ஒரு வளைவு தொங்கி ஏறட்டும், துளி வழிந்தாலும் பிளக்குக்குள் போகாது. பிளக் போர்டு தொட்டிக்குப் பின்னால் வேண்டாம், பக்கவாட்டில் உயரத்தில் இருக்கட்டும். பம்ப் 24 வோல்ட் டி.சி. வகை வாங்கினால் இன்வர்ட்டருக்குச் சுமை குறைவு. விளக்கை இன்வர்ட்டரில் போடாதீர்கள், தொட்டிக்குள் அலை கிளப்பும் வேவ்மேக்கரையும் சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்ப்பையும் மட்டும் போடுங்கள். பவளம் ஒருநாள் வெளிச்சம் இல்லாமல் இருக்கும், மூச்சு இல்லாமல் இருக்காது.

நாங்குநேரி_காத்து எழுதியது:

சில்லர் இல்லாமல் முடியும் என்பது என் கட்சி. என் தொட்டியில் இரண்டு சின்ன விசிறி தண்ணீர்ப் பரப்பின் மேல் வீசுகிறது, அவ்வளவுதான். ஆனி, ஆடிக் காற்றில் தண்ணீர் ஜில்லென்று நிற்கும். அருவி இருந்தால் இன்னும் நல்லது.

செங்கோட்டை_சாரல் எழுதியது:

நாங்குநேரி அண்ணாச்சி சொல்வது அவர் ஊருக்குச் சரி. ஆனித் தொடக்கத்திலிருந்து மலைக்குக் கிழக்கே வறண்ட காற்றுதான் அடிக்கிறது. வறண்ட காற்றில் தண்ணீர் வேகமாக ஆவியாகும், ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஒரு லிட்டர் ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோ ஜூல். அதாவது 400 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரிக்கு மேல் இறக்கப் போதும். ஆனால் 50 வாட் பம்ப் ஒன்று நாள் முழுக்க ஓடினால் அந்தச் சூட்டை எடுக்கவே ஒன்றேமுக்கால் லிட்டர் ஆவியாக வேண்டும். அருவிக்கென்று பெரிய பம்ப் போட்டால் அருவி கொடுத்த குளிர்ச்சியை அந்தப் பம்பே தின்றுவிடும். பம்ப் சின்னதாக, வீழ்ச்சி குறைவாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

எங்கள் செங்கோட்டைப் பக்கம் அதே மாதங்களில் சாரல். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், விசிறி போட்டாலும் அவ்வளவாக இறங்காது. ஆனால் அறையே குளிர்ந்திருப்பதால் தேவையும் இல்லை. சிக்கல் எல்லாம் பங்குனி, சித்திரை, வைகாசி. பாளையில் அந்த ராத்திரிகளில் சுவரே சூட்டைக் கக்கும்.

கடல்பாசி எழுதியது:

இந்த மூன்று மாதத்தைத்தான் நானும் சொல்ல வந்தேன். பவளத்துக்கு 24 முதல் 27 டிகிரி வசதி. 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் உள்ளே குடியிருக்கும் நுண்பாசியைப் பவளம் வெளியே தள்ளிவிட்டு வெளுத்துவிடும். பவளத்துக்குச் சாப்பாட்டில் பெரும்பங்கு அந்தப் பாசி கொடுப்பதுதான். 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவிலேயே கோடையில் பவளம் பெரிய அளவில் வெளுத்தது. கடலில் பிறந்து வளர்ந்ததே அந்தச் சூட்டைத் தாங்கவில்லை.

நாங்குநேரி அண்ணாச்சி, உங்கள் தொட்டியில் இருப்பது மீனும் இறாலுமா, பவளமா?

நாங்குநேரி_காத்து எழுதியது:

மீன், இறால், இரண்டு மூன்று காளான் பவளம். சுண்ணாம்புக் கூடு கட்டும் கடினப் பவளம் கிடையாது. நீங்கள் கேட்பது புரிகிறது. கடினப் பவளத்துக்கு என் ஏற்பாடு போதாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் தொட்டிக்கு அது எதற்கு?

கடல்பாசி எழுதியது:

அதேதான் என் பேச்சும். பாளை தம்பி, சில்லரை இப்போது வாங்க வேண்டாம். மேற்கு ஜன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள், தொட்டியை அந்த வெயில் படாத சுவருக்கு மாற்றுங்கள், விசிறியைத் தெர்மோஸ்டாட்டோடு வையுங்கள். பாறை, பாக்டீரியா, இரண்டு கோமாளி மீன், சுத்தம் செய்யும் நத்தைகள், இவற்றோடு ஒரு சித்திரை வைகாசி தாண்டட்டும். தினமும் மதியமும் விடியற்காலையும் வெப்பநிலையை எழுதி வையுங்கள். அந்த நோட்டு சில்லர் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லும். அதற்கு முன் பவளம் வாங்கினால் பவளத்தை வைத்துச் சோதனை செய்கிற மாதிரி, அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

தூத்துக்குடி_உப்பளம் எழுதியது:

ஆவியாவதைப் பற்றிப் பேசினோம், அதனால் இதையும் சேர்க்கிறேன். ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே நிற்கும். உப்பளத்தில் நாங்கள் வேண்டிக் காத்திருப்பது தொட்டியில் நடந்தால் கேடு. 500 லிட்டர் அமைப்பில் 30 லிட்டர் குறைந்து, நீங்கள் ஊற்றவில்லை என்றால் ஆயிரத்துக்கு 35 இருந்த உப்பளவு 37ஐத் தாண்டிவிடும். அருவியும் விசிறியும் ஆடிக்காற்றும் சேர்ந்தால் அதற்கு அதிக நாள் ஆகாது. ஆவியான இடத்தை ஆர்.ஓ. நன்னீரால்தான் நிரப்ப வேண்டும், உப்புநீரால் அல்ல. மட்டம் குறைந்ததும் தானாக நன்னீர் விடும், மிதவை வைத்த ஆட்டோ டாப்-அப் ஒன்று இந்தத் தொட்டிக்குச் சில்லரைவிட முக்கியம். அந்த நன்னீர் டிரம் ரொம்பப் பெரிதாக இருக்க வேண்டாம், மிதவை சிக்கிக்கொண்டால் மொத்தமும் தொட்டிக்குள் போகும்.

உப்பளவை ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி விலகலை வைத்து உப்பைக் காட்டும் கருவி) பாருங்கள், அதையும் 35க்கான கரைசலை வைத்துச் சரிபாருங்கள். வெறும் ஆர்.ஓ. தண்ணீரை வைத்துச் சுழியில் நிறுத்தினால் மேல் அளவில் தப்புக் காட்டலாம்.

பாளை_தொட்டிக்காரன் எழுதியது:

இரண்டு மாதமாக எழுதவில்லை, வேலை நடந்துகொண்டிருந்தது. செங்கல் மேடை, கடப்பா பலகை, தொட்டி எல்லாம் வந்துவிட்டது. கிளிஞ்சல் பாறை பின்கட்டில் டிரம்மில் ஊறுகிறது. அருவிக் குன்றின் துண்டுகள் மட்டும் முதலில் வார்த்ததால் முதலில் தயாராகிவிட்டன, அவற்றைப் பூட்டி நன்னீர் விட்டு ஓட்டிப் பார்த்தேன்.

உதட்டின் ஒரு ஓரம் தாழ்ந்திருந்தது, தண்ணீர் அந்தப் பக்கமே ஓடியது. ரசமட்டம் வைத்து அடியில் பிளாஸ்டிக் ஆப்பு கொடுத்தேன், இப்போது 60 சென்டிமீட்டரும் ஒரே ஏடாக வழிகிறது. சரிவில் தண்ணீர் பிரிந்து போகும் இடத்தில் உளியால் இரண்டு வரி இழுத்தேன், திரும்பச் சேர்ந்துகொண்டது. கரண்டை நிறுத்திப் பார்த்தேன்: சம்ப்பில் ஏறியது 26 லிட்டர், இடம் மிச்சம் இருக்கிறது. ஐந்து சென்டிமீட்டர் வீழ்ச்சி அடுக்களை வரை கேட்கிறது.

குமிழி ஒன்றுகூடக் கீழ்க் குழியைத் தாண்டவில்லை. உப்புநீரிலும் இப்படியே இருக்குமா?

செங்கோட்டை_சாரல் எழுதியது:

இருக்காது அண்ணாச்சி. நன்னீர்ச் சோதனை கசிவுக்கும் மட்டத்துக்கும்தான் சாட்சி. உப்புநீரில் குமிழி பொடியாகி அதிக நேரம் நிற்கும் என்றேன் அல்லவா. கீழ்க் குழியின் விளிம்பில் பெரிய துளையுள்ள கருப்பு ஸ்பாஞ்ச் ஒரு துண்டைச் செருகுங்கள், வாரம் ஒருமுறை அலசுங்கள், இல்லாவிட்டால் அதுவே நைட்ரேட் கிடங்காகிவிடும். ஒரு மாதம் போய்ப் பாறைமேல் வழுவழுப்பு ஏறியதும் குமிழி பாதியாகக் குறையும், அப்போது ஸ்பாஞ்சை எடுத்துவிட்டுப் பாருங்கள். மேலே வலை மூடி போட மறக்காதீர்கள், மீன் குதிக்கும். கண்ணாடி மூடி வேண்டாம், ஆவியாவதை அது தடுத்துவிடும்.

கடல்பாசி எழுதியது:

நல்ல வேலை தம்பி. இனி வரிசையைச் சொல்கிறேன். நன்னீரை வடித்துவிட்டு, உப்பை டிரம்மில் தனியாகக் கரைத்து ஒருநாள் ஓடவிட்டு, தெளிந்த பிறகு ஊற்றுங்கள். அடர்த்தி 1.025. பிறகு அம்மோனியா கொடுத்துச் சுழற்சியைத் தொடங்குங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, இரண்டும் சுழிக்கு இறங்க நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் மீன் வேண்டாம்.

மீன் வாங்கும்போது பண்ணையில் பொரித்த கோமாளி மீனாகக் கேட்டு வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதன் இனப்பெருக்க முறையை எப்போதோ கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டது, கடலில் பிடித்ததுதான் வேண்டும் என்ற அவசியமே இல்லை. அது கடலில் குடியிருக்கும் கடல் சாமந்தியும் (பூப்போன்ற கடல் உயிர்) தேவையில்லை.

கோடை தாண்டிப் பவளம் வைக்கும் நாளில் முதலில் காளான் பவளம், தோல் பவளம். எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் இல்லாத கடையில் நிற்காதீர்கள். பொத்தான் பவளம் வாங்கினால் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். அதில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அது ஒட்டிய பாறையைச் சுடுதண்ணீரில் போடவோ கொதிக்கவைக்கவோ கூடாது, அந்த ஆவியை மூச்சில் இழுத்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பவளம் வந்தபின் லிட்டருக்குக் கால்சியம் 400 முதல் 450 மில்லிகிராம், மெக்னீசியம் 1,250 முதல் 1,350 மில்லிகிராம், காரத்தன்மை அதன் அலகான டிகேஎச் கணக்கில் 8 அல்லது 9. இந்த எண்ணுக்கு ஓடுவதைவிட, ஒரு இடத்தில் நின்றால் அங்கேயே அசையாமல் வைத்திருப்பது முக்கியம்.

சுரண்டிய பாசியையும் மாற்றிய தண்ணீரையும் வாய்க்காலிலோ ஆற்றிலோ கடலிலோ கொட்டாதீர்கள். வெளியூர்க் கடற்பாசி ஒன்று குருசடைத் தீவில் பவளத்தின் மேல் படர்ந்து அதை மூச்சடைக்க வைத்த கதை நம் வளைகுடாவிலேயே நடந்தது. பாசியை வெயிலில் காயப்போட்டுக் குப்பையில் போடுங்கள், தண்ணீரை வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் விடுங்கள். தென்னைக்கு ஊற்றலாம் என்று யாராவது சொன்னால், வாராவாரம் வரும் உப்புத்தண்ணீர் ஒரே மண்ணில் சேர்வது நல்லதில்லை.

பாளை_தொட்டிக்காரன் எழுதியது:

சரி அக்கா. பாறைத் தண்ணீர் நேற்று 8.9 காட்டியது, இன்னும் இரண்டு தடவை மாற்றினால் இறங்கிவிடும் என்று நினைக்கிறேன். பாசித் திரைக்கு வலை வாங்கியாச்சு, குழாய்க் கீறலை வண்ணார்பேட்டை அண்ணாச்சி வந்து போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். உப்பு ஊற்றியதும் ஸ்பாஞ்ச் வைத்தும் வைக்காமலும் குமிழியைப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன்.

மேலப்பாளையம்_கண்ணாடி எழுதியது:

உப்பு ஊற்றுமுன் சிலிக்கான் இணைப்பு நாலு மூலையையும் டார்ச் அடித்து ஒருமுறை பார்த்துவிடுங்கள் அண்ணாச்சி. எங்காவது குமிழி மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் எனக்குப் படம் அனுப்புங்கள், காலியாக இருக்கும்போதே வந்து ஒட்டித் தருகிறேன்.